தன்னையே பொருளாகக் கொண்ட நூல்

ஒருவன் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்பது நன்னூலார் கருத்து. புலவர்க்குங்கூடச் சில இடங்களில் மட்டுமே அவர் அதற்கு இசைவு தருகின்றார். இந்நெறியில் வளர்ந்த நமக்கு, ஒருவர் தம்மைப் பற்றியே பெருநூல் ஒன்று எழுதினார் என்று கேட்டால் சிறிது கூச்சம் தோன்றுவது இயல்பே. ஆயினும், தன்னைப் புகழ்தல் வேறு; தன்னை ஆராய்தல் வேறு. இவ்வேறுபாட்டைத் தம் எழுத்தால் விளக்கிக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் த மொந்தேய்ன்.

இவர் 1533ஆம் ஆண்டில் போர்தோ நகருக்கு அண்மையில் பிறந்தார். வளர்ந்தபின் அந்நகர் நீதிமன்றத்தில் நடுவர்களுள் ஒருவராய் அமர்ந்தார். அங்கே லா பொயெசி என்னும் அறிஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது. அந்நண்பர் 1563இல், தம் 32ஆம் வயதில், நோயுற்று மறைந்தார். பிசிராந்தையாரின் நட்பைப் போற்றும் நாம் அப்பிரிவின் துயரை எளிதில் உணரலாம். ஐந்தாண்டுகளில் தந்தையாரும் காலமானார். பெற்ற பெண்மக்கள் அறுவருள் ஒருத்தியே பிழைத்தாள். நாட்டிலோ சமயப் போர் மூண்டிருந்தது.

1571இல், 38 வயது நிறைந்த பிறந்தநாளன்று, பதவி துறந்து தம் மாளிகைக் கோபுரத்திலிருந்த நூலகத்தில் ஒதுங்கினார். அதன் உத்தரங்களில் பழம்பெரும் சான்றோரின் பொன்மொழிகளைப் பொறித்துவைத்தார். ஓய்வு அமைதி தரும் என்று எண்ணினார். ஆனால் கட்டவிழ்ந்த மனம் கண்டவாறு ஓடியது. அவ்வோட்டத்தை எழுதிவைத்துப் பார்த்தால் மனம் நாணமாவது கொள்ளுமே என்று கருதி எழுதத் தொடங்கினார். அவ்வெழுத்துக்கு அவர் இட்ட பெயர் ‘எஸே’. ‘முயற்சி’ என்பது அதன் பொருள். இன்று உலகெங்கும் கட்டுரை இலக்கியம் வழங்கும் பெயர் அதிலிருந்து பிறந்ததே.

தொடக்கத்தில் அவரை வாட்டிய வினா மரணம். நாள்தோறும் சாவை நினைந்து பழகுவதே மெய்யறிவு என்று முன்னோர் வழிநின்று எழுதினார். பின்னர்த் தம் வாழ்வில் நேர்ந்த ஒன்றை எழுதினார். ஒரு நாள் குதிரையினின்று தூக்கியெறியப்பட்டு உணர்விழந்தார், குருதி கக்கினார். கண்டோர் அவர் துடித்ததாகக் கருதினர். அவருக்கோ, உறக்கத்தில் மெல்ல நழுவுவது போன்ற இனிமையே தோன்றிற்று! நூல்கள் சொன்னதும் தாம் துய்த்ததும் வேறு வேறாயிருப்பதை எழுதும்பொழுது கண்டார். பிற்காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது, தத்துவம் அறியாத உழவர்கள் கலங்காமல் இறப்பதையும் நேரில் பார்த்தார். இறக்கும் கலையை இயற்கையே அந்நேரத்தில் கற்றுத்தரும். நாம் கற்கவேண்டியது வாழும் கலையே என்னும் தெளிவு பிறந்தது.

அதன்பின் சின்னஞ்சிறு இன்பங்கள் அவர் ஏட்டில் இடம்பெற்றன. முலாம்பழத்தில் தமக்குள்ள விருப்பத்தை எழுதினார். உறக்கத்தின் சுவையை அறியாமற் போகலாகாதென்று, இடையில் தம்மை எழுப்பச் செய்ததையும் எழுதினார். பூனையோடு விளையாடுகையில், நாம் அதனோடு விளையாடுகின்றோமா, அது நம்மோடு விளையாடுகின்றதா என்று ஐயுற்றார். கல்லடைப்பு நோய் அவரைப் பல்லாண்டு வருத்தியது. கல் வெளிப்பட்டவுடன் வரும் உடல்நலம் எத்துணைப் பேரின்பம் என்பதையும் மறவாது குறித்தார்.

நூலின் முதலிரு பகுதிகள் 1580இலும் மூன்றாம் பகுதி 1588இலும் வெளிவந்தன. அச்சான படியின் ஓரங்களிலும் 1592இல் இறக்கும்வரை எழுதிச் சேர்த்தார். மாறுபட்ட கருத்துத் தோன்றியபோதும் பழையதைப் பெரும்பாலும் அடிக்கவில்லை. அருகில் புதியதைச் சேர்த்தார். நேற்றைய தாமும் இன்றைய தாமும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்ட அந்நேர்மை, தற்புகழ்ச்சியாளர்க்கு வாராது. அப்படி போர்தோ நூலகத்தில் இன்றும் உள்ளது.

நேயர்களே, இதற்குக் கோபுரமும் நூலகமும் வேண்டுவதில்லை. இரவில் ஒரு நாழிகையும் ஒரு குறிப்பேடும் போதும். இன்று எது நம்மை அஞ்சச் செய்தது, எது மகிழ்வித்தது என்று பொய் கலவாமல் நான்கு வரி எழுதலாம். ஓராண்டு கழித்து அதனைப் புரட்டினால், நாம் பெரிதென அஞ்சியவற்றுள் எத்தனை சிறியன, சிறிதென விட்டவற்றுள் எத்தனை இனியன என்பது நமக்கே புலனாகும்.