கம்பியில்லா ஒலிபெருக்கியும் அதனை இயக்கும் மென்பொருளும்

ஒலிபெருக்கி என்பது காந்தமும் கம்பிச்சுருளும் காகிதக் கூம்பும் அடங்கிய ஒரு பெட்டி என்றே நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்பக் கூம்பு அதிரும். அவ்வதிர்வு காற்றில் பரவி ஒலியாகும். பழுது நேர்ந்தால், கம்பி அறுந்திருக்கும் அல்லது கூம்பு கிழிந்திருக்கும். அதனைக் கண்ணால் பார்த்தே அறிந்துகொள்ளலாம். இன்று விற்பனையாகும் உயர்தரக் கம்பியில்லா ஒலிபெருக்கியின் நிலை வேறு. அதன் பெட்டிக்குள் இவ்வுறுப்புகளோடு ஒரு சிறு கணிப்பொறியும் இருக்கிறது. அக்கணிப்பொறிக்குக் கட்டளையிடும் மென்பொருள் செம்மையாக இருந்தால் சிறிய பெட்டியும் பெரிய இசையைத் தரும். அதில் கோளாறு நேர்ந்தால், காந்தமும் கூம்பும் எவ்விதப் பழுதுமின்றி இருக்கையிலேயே பெட்டி ஊமையாகிவிடும்.

இவ்விரு உண்மைகளுக்கும் சிறந்த சான்றாக விளங்குவது அமெரிக்காவின் சோனோஸ் கம்பெனியின் வரலாறாகும். கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா பார்பரா நகரில் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இக்கம்பெனி, ஒரு வீட்டின் பல அறைகளிலும் ஒரே பாட்டைக் கம்பியின்றி ஒலிக்கச் செய்யும் சாதனங்களை 2005 முதல் விற்று வருகிறது.

மூன்று இடங்களில் மென்பொருள்

இத்தகைய ஒலிபெருக்கியின் மென்பொருள் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன்று. முதலாவதாக, ஒலிபெருக்கியின் உள்ளேயே ஒரு பகுதி உண்டு. இரண்டாவதாக, உபயோகிப்பவரின் கைப்பேசியில் செயலி என்னும் வடிவில் ஒரு பகுதி உண்டு. மூன்றாவதாக, தொலைவில் கம்பெனியும் இசைச் சேவை நிறுவனங்களும் நடத்தும் கணிப்பொறிகளில் ஒரு பகுதி உண்டு. ஒருவர் தமது கைப்பேசியில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும்பொழுது இம்மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து பணியாற்ற வேண்டும். பொதுவாகப் பாட்டு கைப்பேசி வழியாகச் செல்வதில்லை. கைப்பேசி கட்டளையை மட்டுமே அனுப்புகிறது. ஒலிபெருக்கி வீட்டிலுள்ள வை-ஃபை மூலம் இணையத்திலிருந்து பாட்டைத் தானே பெற்றுக்கொள்கிறது. ஆகவேதான் கைப்பேசியில் அழைப்பு வந்தாலும் இசை தடைப்படுவதில்லை. ப்ளூடூத் முறைக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

காலத்தைக் கணக்கிடும் திறன்

இம்மென்பொருளின் முதற்சிறப்பு காலத்தைத் துல்லியமாகக் காப்பதாகும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் அது கடக்கும் தூரம் சுமார் 34 சென்டிமீட்டர். இடமும் வலமுமாக வைக்கப்பட்ட இரு ஒலிபெருக்கிகளில் ஒன்று மற்றதைவிட இந்தச் சிறு கால அளவு பிந்தினாலும், பாடகர் நடுவில் நின்று பாடுவதாகத் தோன்றுவதற்கு மாறாக, ஒரு பக்கமாக விலகி நின்று பாடுவதாகத் தோன்றும். தாமதம் மேலும் பெருகினால் எதிரொலி போன்ற குழப்பம் உண்டாகும்.

ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் ஒரு படிகக் கடிகாரம் உண்டு. எந்த இரு கடிகாரங்களும் முற்றிலும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. அவற்றுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒன்று மற்றதைவிட 72 மில்லி விநாடி பிந்திவிடும். எனவே ஒலிபெருக்கிகள் தமக்குள் ஓயாது செய்திகளைப் பரிமாறி, கடிகாரங்களை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றன. மேலும், பாட்டின் அடுத்த பகுதியை முன்கூட்டியே பெற்றுச் சேமித்து வைத்துக்கொண்டு, குறித்த நொடியில் அனைத்தும் ஒருசேர ஒலிக்கின்றன. வை-ஃபையில் சிறு தடங்கல் ஏற்பட்டாலும் கேட்பவருக்கு அது தெரியாமற்போவதற்கு இச்சேமிப்பே காரணம்.

அறைக்கேற்பத் திருத்துதல்

இரண்டாவது சிறப்பு, அறையின் குறையைத் தீர்ப்பதாகும். ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே விநாடிக்குச் சுமார் 34 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலி மிகுந்து நிற்கும். அவ்வறையில் ஓரிடத்தில் முழக்கம் அளவு கடந்தும், மற்றோரிடத்தில் மிகக் குறைந்தும் கேட்கும். சோனோஸ் கம்பெனி 2015இல் வெளியிட்ட ட்ரூப்ளே என்னும் முறையில், ஒலிபெருக்கி சோதனை ஒலிகளை எழுப்புகையில் உபயோகிப்பவர் கைப்பேசியை ஏந்தியவாறு அறையைச் சுற்றி நடக்கிறார். கைப்பேசியின் ஒலிவாங்கி கேட்டதை மென்பொருள் ஆராய்ந்து, மிகுந்ததைக் குறைத்து ஒலியைச் சமன் செய்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. இம்முறை நெடுங்காலம் ஐபோனுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பல கம்பெனிகளால் செய்யப்படுவதால் அவற்றின் ஒலிவாங்கிகள் ஒரே தன்மையுடையனவாக இல்லை. அளவுகோல் ஒன்றாக இல்லாதபொழுது அளவையும் நம்ப இயலாது. 2023இல் வந்த புதிய ஒலிபெருக்கிகளில், பெட்டியில் உள்ள ஒலிவாங்கிகளைக் கொண்டே அறையை அளக்கும் எளிய முறை சேர்க்கப்பட்டு, இக்குறை ஓரளவு நீங்கியது.

இவையன்றி, ஒலியின் அளவைக் குறைக்கும்பொழுது தாழ்ந்த சுருதிகளைச் சற்று உயர்த்துவதும் மென்பொருளின் பணியே. மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுருதிகளை நம் செவி நன்கு உணர்வதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1933இலேயே அளந்து காட்டினர்.

பழைய சாதனங்களின் கதி

இனிக் குறைகளைக் காண்போம். மரப்பெட்டி ஒலிபெருக்கி ஒன்று முப்பது ஆண்டுகள் உழைப்பது வியப்பன்று. அதனுள் உள்ள கணிப்பொறிக்கோ அவ்வளவு ஆயுள் இல்லை. புதிய மென்பொருளுக்கு வேண்டிய நினைவகமும் வேகமும் பழைய சாதனங்களில் இருப்பதில்லை. 2020 ஜனவரியில் சோனோஸ் கம்பெனி, தனது மிகப் பழைய சாதனங்கள் சிலவற்றுக்கு அவ்வாண்டு மே மாதம் முதல் புதிய மென்பொருள் வசதிகள் வழங்கப்படமாட்டா என அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். தலைமை நிர்வாகி பாட்ரிக் ஸ்பென்ஸ் வருத்தம் தெரிவித்தார். பின்னர் ஜூன் மாதத்தில் எஸ் 2 என்னும் புதிய செயலி வெளியாயிற்று. பழைய சாதனங்களுக்கென எஸ் 1 என்னும் செயலி தனியே நிறுத்தி வைக்கப்பட்டது. அவை தொடர்ந்து பாடின என்பது உண்மையே. எனினும், ஒரே வீட்டிலுள்ள பழைய சாதனமும் புதிய சாதனமும் ஒரே குழுவில் சேர்ந்து ஒலிக்க இயலாமற்போயிற்று.

2024 மே மாதம் நிகழ்ந்தது

இதனினும் பெரிய இடர் 2024 மே 7ஆம் தேதி நேர்ந்தது. அன்று அக்கம்பெனி முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட செயலியை வெளியிட்டது. பழைய செயலியில் இருந்த பல வசதிகள் அதில் காணப்படவில்லை. விழிப்பு மணி அமைத்தல், உறங்கும் நேரத்தில் இசையைத் தானே நிறுத்தும் ஏற்பாடு, வீட்டில் சேமித்து வைத்த இசைத்தொகுப்பில் தேடுதல், வரிசையிலுள்ள பாட்டுகளை மாற்றியமைத்தல் ஆகியவை விடுபட்டவற்றுள் சில. ஒலிபெருக்கிகள் செயலியின் பார்வையிலிருந்து மறைவதும், கட்டளைகள் தாமதமாக நிறைவேறுவதும் பலருடைய வீடுகளில் நிகழ்ந்தன.

எல்லோரினும் அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் பார்வையற்றோரே. திரையில் உள்ளதைப் படித்துக் கூறும் வசதியின் துணைகொண்டு அவர்கள் பழைய செயலியைக் கையாண்டு வந்தனர். புதிய செயலியிலோ பல பொத்தான்களின் பெயரை அவ்வசதியால் சரிவரக் கூற இயலவில்லை. இசையையும் வானொலியையும் பெரிதும் நாடும் ஒரு பிரிவினர், தம் பணத்தைக் கொடுத்து வாங்கி, தம் வீட்டிலேயே இருக்கும் சாதனத்தைப் பிறர் துணையின்றி இயக்க இயலாதவராயினர். அடுத்து வந்த திருத்தங்களில் இக்குறை படிப்படியாகக் களையப்பட்டது.

பழைய செயலியையே திரும்ப வழங்கலாகாதா என்று பலர் கேட்டனர். அது இயலாது என்று கம்பெனி ஆகஸ்டில் விடையளித்தது. கைப்பேசியிலுள்ள பகுதி மட்டுமன்றி, ஒலிபெருக்கியிலும் தொலைவிலுள்ள கணிப்பொறிகளிலும் உள்ள பகுதிகளும் மாற்றப்பட்டுவிட்டமையால், பழைய செயலியைக் கொணர்ந்தால் தொல்லை மிகுமேயன்றிக் குறையாது என்பது அதன் விளக்கம். மூன்று இடங்களிலும் பரவியுள்ள மென்பொருளின் பலமே அதன் பலவீனமுமாகும் என்பதை இதனால் அறியலாம்.

ஜூலை மாதத்தில் தலைமை நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். குறைகளைத் தீர்க்க 2 கோடி முதல் 3 கோடி டாலர் வரை செலவாகும் என மதிப்பிடப்பட்டது. ஆகஸ்டில் சுமார் 100 ஊழியர்கள் வேலையிழந்தனர். வெளிவரவிருந்த இரு சாதனங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அக்டோபரில், வீட்டு ஒலிபெருக்கிகளின் உத்தரவாதக் காலத்தை ஓராண்டு நீட்டிப்பதாகவும், இனிப் புதிய மென்பொருளை விரிவாகச் சோதித்த பின்னரே வெளியிடுவதாகவும் கம்பெனி உறுதியளித்தது. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார். அப்பொறுப்பை டாம் கான்ராட் ஏற்றார்.

கவனிக்க வேண்டியவை

பள்ளிக்கோ, பொது மன்றத்துக்கோ, சொந்த வீட்டுக்கோ இத்தகைய சாதனத்தை வாங்குவோர், ஒலியின் இனிமையைக் கேட்டறிவதோடு நில்லாமல் வேறு சிலவற்றையும் விசாரித்தல் நலம். இணையம் இல்லாதபொழுதும் சாதனம் பயன்படுமா? கம்பி வழியாகவோ ப்ளூடூத் வழியாகவோ ஒலியைச் செலுத்த வழியுண்டா? ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பெட்டியிலேயே பொத்தான்கள் உண்டா? எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் திருத்தங்கள் வழங்கப்படும்? பார்வையற்றவர் அதனைத் தாமே இயக்க இயலுமா? இவற்றுள் முதல் மூன்று வினாக்களுக்கும் ஆம் என விடை கிடைக்குமாயின், செயலி பழுதுபட்டாலும் பெட்டி முற்றிலும் வீணாகாது.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். இரு கைப்பேசிகளில் ஒரே பாட்டை ஒருசேரத் தொடங்குமாறு இரு மாணவர்களைப் பணித்தால், எவ்வளவு முயன்றாலும் அவை முற்றிலும் ஒன்றி ஒலிப்பது அரிது என்பதை வகுப்பு முழுவதும் கேட்டறியும். மனிதக் கை செய்ய இயலாத அந்த ஒற்றுமையை ஒலிபெருக்கியின் மென்பொருள் விநாடிதோறும் காத்து வருகிறது என்று அப்பொழுது கூறினால், மாணவர்கள் அதனை மறவார். அதே மென்பொருளைத் தக்க சோதனையின்றி மாற்றினால், சிறந்த சாதனமும் பயனற்றுப்போகும் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.