கால் காசானாலும் கேரள சர்க்கார் காசு
எல்லைத் தமிழருக்கு மாநில உத்தியோகம் லாபமா, நஷ்டமா?

"கால் காசு உத்தியோகம் ஆனாலும் கவர்ன்மெண்டு உத்தியோகம்" என்ற பழமொழியை வேலந்தாவளம் டீக்கடையிலும் கேட்கலாம், வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்திலும் கேட்கலாம். ஆனால் எல்லையோரத் தமிழர் வீட்டில் அதற்கு அடுத்தபடியாக ஒரு கேள்வி எழும்: எந்த கவர்ன்மெண்டு? பொள்ளாச்சியும் போடியும் கூப்பிடு தூரம். ஆனால் ரேஷன் கார்டு இருப்பதோ கேரளத்தில்.

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது. அதற்கு முன் பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள். கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் தமிழில் படித்த பிள்ளைகள் மலையாளத்தில் ஃபைல் எழுதும் உத்தியோகத்துக்கு மனுப் போட வேண்டியதாயிற்று.

இதற்கு ஒரு சிறு வழி உண்டு. கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே தனியாகக் கிளார்க் பதவிக்கு விளம்பரம் செய்வது வழக்கம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கு இது பொருந்தும். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தால் போதும். வினாத்தாளும் தமிழில் கிடைக்கும். பொதுக் கிளார்க் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் பத்து லட்சத்துக்கு மேல் மனுக்கள் குவிந்தது உண்டு. அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த வாசல் அகலம்தான். ஆனால் காலியிடங்கள் சொற்பம். ராங்க் பட்டியலில் பெயர் வந்த பிறகும் வேலைக் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்தே ஆண்டுகள் கழியும். பட்டியலுக்கு ஆயுள் மூன்று ஆண்டு வரைதான்.

தோட்டக் கூலியும் கிளார்க் சம்பளமும்

இந்த உத்தியோகம் என்ன பெறும் என்பதை மூணாறு மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் "பெண்பிள்ளை ஒருமை" என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தபோது அவர்களுடைய தினக்கூலி 232 ரூபாய். மாதம் 26 நாள் கொழுந்து பறித்தாலும் 6,032 ரூபாய்தான். 2014 ஜூலை முதல் கணக்கிட்டு அமலான சம்பளத் திருத்தத்தில் கேரள அரசுக் கிளார்க்கின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,000 ரூபாய். 2019 ஜூலைத் திருத்தத்தில் அது 26,500 ஆயிற்று. பஞ்சப்படி இதற்கு மேல்.

சம்பளம் மட்டுமல்ல. தோட்ட வேலை முடிந்தால் லயத்து வீட்டை ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் கொடுத்திருந்தால்தான் தலைக்கு மேல் கூரை. சர்க்கார் சம்பளச் சீட்டு இருந்தால் பாங்கியில் கடன் வாங்கி மறையூரிலோ போடியிலோ இரண்டு சென்ட் வாங்கலாம். பெற்றோர் பிள்ளையைக் கிளார்க் ஆக்கத் துடிப்பது கௌரவத்துக்காக மட்டும் அல்ல.

வருஷத்துக்கு 20 நாள் காஷுவல் லீவு. தமிழ்நாட்டில் 12 தான். 2022 ஜூலையில் ஆரம்பித்த "மெடிசெப்" மருத்துவ இன்ஷூரன்ஸ் ஓய்வு பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது. சந்தா மாதாமாதம் பிடிக்கப்படுகிறது. ஆஸ்பத்திரிகளில் அது எந்த அளவுக்குச் செல்லுபடியாகிறது என்பதில் ஊழியர்களுக்குள் மனக்குறை நிறைய உண்டு.

ஃபைலில் சறுக்கல்

இனி நஷ்டக் கணக்கு. முதல் சங்கடம் மொழி. பேசும் மலையாளம் எல்லையோரத்தில் எல்லோருக்கும் வரும். குறிப்பு எழுதும் மலையாளம் வேறு. மலையாளம் படிக்காமல் வந்தவர் தனியாக மொழித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பிறகு அக்கவுண்ட் டெஸ்ட், அலுவலக நடைமுறைத் தேர்வு. இவற்றில் தவறினால் பிரமோஷன் நின்றுவிடும். கூடச் சேர்ந்தவர் சீனியர் கிளார்க் ஆகி நாற்காலி மாறும்போது, இவர் பழைய மேஜையிலேயே இருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், சிறுபான்மையினர் தங்கள் மொழியில் மனு எழுதித் தங்கள் மொழியிலேயே பதில் பெறும் உரிமையை 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே கொடுத்தது. அந்தப் பதிலை எழுத அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமே! இருக்கும் ஒரே தமிழ்க் கிளார்க்கின் மேஜைக்கு எல்லாத் தமிழ் மனுக்களும் வந்து சேரும். தோட்டத்திலிருந்து வரும் பாட்டி, "தம்பி, நீயே எழுதிக் கொடுத்துடுப்பா" என்று வெற்றிலைப் பையோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். சொந்த வேலை அப்படியே கிடக்கும். இந்த உபரி உழைப்புக்கு எந்தச் சம்பளத் திருத்தத்திலும் இடம் இல்லை. ஆனாலும் பாட்டியைத் திருப்பி அனுப்ப மனம் வருமா?

மாற்றல் விஷயத்தில் ஒரு விசித்திரம். சமவெளி ஊழியர் பலர் தேவிகுளம், வட்டவடை என்றாலே தண்டனையாக நினைப்பார்கள். மலைத் தமிழருக்கோ அதுதான் சொந்த ஊர். ஆனாலும் மறையூர்க்காரரைப் பீர்மேட்டுக்குப் போட்டால் போகத்தான் வேண்டும். ரெவின்யூ இலாகா என்றால் கூடுதல் தலைவலி. 2007-ல் மூணாறு ஆக்கிரமிப்புகளை இடிக்கத் தொடங்கியது முதல் அங்கே நில ஃபைலைத் தொடும் கை எல்லாம் கட்சிக்காரர் கண்ணில் படும்.

1950 என்ற சுவர்

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை உத்தியோகத்தில் சேரும் முன்பே வருகிறது. தோட்டத் தமிழரில் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அந்த ஒதுக்கீடு கேரளத்தில் கிடைக்க வேண்டுமானால், 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுக்கு முன்பே முன்னோர் இங்கே குடியேறியதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். கங்காணி அழைத்து வந்த தாத்தாவுக்கு ஏது பத்திரம்? தோட்டத்துப் பழைய பேரேடு கிடைத்தால் பாக்கியம். தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆக 2021-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏ. ராஜாவே இதே கேள்வியில் சிக்கினார். 2023 மார்ச்சில் கேரள ஹைகோர்ட் அவர் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எம்.எல்.ஏ. டில்லி வரை போனார். பத்தாவது தேறிய பெண் தாலுகா ஆபீஸ் வாசல் வரைதான் போக முடியும்.

அப்படியானால் தமிழ்நாட்டுப் பக்கம் போகலாமே என்பார்கள். அங்கே வெளி மாநிலத்தார் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். ஒதுக்கீடு இரு பக்கமும் கைநழுவும்.

பென்ஷன் விஷயத்தில் மட்டும் இரு மாநிலமும் ஒரே பாதையில் போயின. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலிலும் கேரளத்தில் 2013 ஏப்ரலிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் வந்தது. அதை எதிர்த்துக் கேரள ஊழியர்கள் 2013 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து பிடித்தம். ஒரே மேஜையின் இரு பக்கமும் இரு வகைப் பென்ஷன்காரர். பழையவர் 56 வயதில் வீட்டுக்குப் போக, புதியவர் 60 வரை இருப்பார்.

மனுப் போட நினைப்பவர்கள் கமிஷனின் "துளசி" பதிவில் ஒருமுறை பெயரைச் சேர்த்துவைப்பது அவசியம். பொது வயது வரம்பு பெரும்பாலும் 36. தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவர்கள் அது கேரளப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்றையும், தோட்டக் குடும்பத்தார் தாத்தா காலத்துப் பேரேட்டு நகலையும் இப்போதே தேடி எடுத்துக்கொள்ளட்டும். விளம்பரம் வந்த பிறகு அலைந்தால் கடைசித் தேதி காத்திருக்காது.