பச்சிலையும் ஊசியும் பகையல்ல

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்தே இருக்கின்றான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அளித்த நம்பிக்கை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிப்புப் பெற்றதையும் அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். ஆக, நம் வீட்டுப் பசுவும் ஆடும் பூனையும் நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற அமானிதங்கள். அவை நோயுறும்போது கைமருந்தா, டாக்டரின் ஊசியா என்று வீடுகளில் வாதம் எழுகின்றது.

ஓசூருக்கு அருகே, யானைகள் வந்து தங்கும் காட்டை ஒட்டியுள்ளது சானமாவு. ஒருபுறம் காடு, மறுபுறம் தொழிற்சாலைகள். இவ்வட்டாரத்திற்குக் கால்நடை வளர்ப்புப் புதிதன்று. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டிலேயே அரசுப் பண்ணை தொடங்கப்பெற்றது. இத்தகைய ஊர்களில் பாட்டியின் பச்சிலை அறிவும் படித்த மருத்துவமும் கைகோத்தால் பயன் பெரிது.

மடிநோய்க்கு மருந்து

1989இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டாக்டர் புண்ணியமூர்த்தி, மரபு மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து முறைப்படுத்தினார். அவற்றுள் புகழ்பெற்றது பசுவின் மடிநோய் மருந்து. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்துக்கொள்ள வேண்டும். மடியைக் கழுவி, பாலை முழுவதும் கறந்துவிட்டு, நீரில் கரைத்த இவ்விழுதை நாளொன்றுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள்கள் தடவி வரவேண்டும்.

இதனால் நோய் எதிர்ப்பு ஊசியின் தேவை குறையக்கூடும். ஊசி போட்ட பசுவின் பாலில் அம்மருந்தின் எச்சம் தங்குமாதலால், டாக்டர் குறிப்பிடும் நாள்வரை அப்பாலை அருந்தலாகாது, விற்றலும் ஆகாது. அதை மறைத்து விற்பது வாங்குபவருக்கு இழைக்கும் மோசடியன்றோ? எனினும், பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலோ, தீவனம் மறுத்தாலோ, பாலில் இரத்தம் தென்பட்டாலோ தாமதியாமல் டாக்டரை அழைத்திடுக. விழுது துணை மருந்தாகத் தொடரலாம்.

பூனைக்கு எச்சரிக்கை

மாட்டுக்கு ஏற்றதெல்லாம் பூனைக்கு ஏற்காது. மாட்டின் மேற்பூச்சில் சேரும் பூண்டு, பூனையின் வயிற்றில் இறங்கினால் இரத்த அணுக்களை அழிக்கும். வெங்காயமும் அவ்வாறே. பூனை தன் உடலை நக்கிக்கொண்டே இருப்பதால், தடவிய கற்பூரமும் தைலமும் உள்ளே சென்று நஞ்சாகும். நவீன மருந்திலும் இதே ஆபத்துண்டு: நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும், அதனைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை.

வெறிநோய்க்கு மாற்று இல்லை

வெறிநாய்க்கடிக்குப் பச்சிலையோ மந்திரிப்போ மருந்தாகாது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதரைக் கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கடிபட்ட கால்நடையையும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வளர்க்கும் பூனைக்கும் நாய்க்கும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவைப்பது நம் குழந்தைகளுக்கும் காப்பாகும்.

மூலிகை கொடுத்திருந்தால் அதை டாக்டரிடம் மறையாது கூறுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்னும் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். தனக்கு எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாத ஜீவனுக்காக அறிந்து செயற்படுவதும் அமானிதத்தைப் பேணுவதேயாகும்.