டப்பா வந்தது, மாத்திரை குறைந்தது

இது வந்து போகிற வியாதி அன்று, ஆயுள் உள்ளவரை உடன் வைத்துக்கொண்டு பராமரிக்க வேண்டிய வியாதி என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய சில வாரங்களுக்குள்ளாகவே, சர்க்கரை நோயாளியின் வீட்டு அலமாரியில் பளபளப்பான லேபிள் ஒட்டிய ஒரு சத்துப் பொடி டப்பா வந்து அமர்ந்துவிடுவது நம் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அதைக் கொண்டுவந்து கொடுப்பவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். சம்பந்தி அம்மாள், மைத்துனர், காலை நடையில் சிநேகமானவர், ஓய்வுபெற்ற பிறகு ஏதேனும் ஒரு பிசினஸ் பார்க்கத் தொடங்கிய பழைய சக ஊழியர் என்று நம்மிடம் உண்மையாகவே அபிமானம் கொண்டவர்களே அவர்கள். அவர்களுக்கு அதில் கமிஷன் உண்டென்பது மெய்தான். ஆயினும் அவர்கள் நம்மை வஞ்சிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அதே பொடியை அவர்களும் காலையும் மாலையும் கலக்கிக் குடித்துவிட்டுத் தங்களுக்குக் குணம் கண்டதென்று மனப்பூர்வமாக நம்புகிறார்கள். பத்திரிகை விளம்பரத்தைச் சந்தேகிக்கப் பழகிய மனிதர்கூட, "அண்ணா, உங்களுக்காகவே வாங்கி வந்தேன்" என்று ஒரு தங்கை நீட்டும் டப்பாவின் முன் தம் விவேகத்தை ஒத்திவைத்துவிடுகிறார்.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. அத்தனை பேரும் தினந்தோறும் மாத்திரை விழுங்கிச் சலித்துப்போய், இதை எப்போதுதான் நிறுத்துவது என்ற ஏக்கத்தோடு இருக்கையில், அதற்கு இனிய பதில் சொல்ல வல்லவருக்கு வியாபாரத்தில் பஞ்சம் இராது. சத்து மாத்திரை நல்லதா கெட்டதா என்று எழுதித் தருமாறுதான் என்னிடம் கேட்டார்கள். அவ்வாறு பொதுப்படக் கேட்பதில் பிரயோஜனம் குறைவு. மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு பி12 சத்துக் குறைந்து, காலில் எரிச்சலும் மரமரப்பும் காண்பதுண்டு. அவர்களுக்கு இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து பி12 கொடுப்பது சுத்தமான வைத்தியமே. குறை இருந்து, அது அளக்கப்பட்டு, அதற்குரிய அளவு கொடுக்கப்படும் இடத்தில் சத்து மாத்திரையோடு எனக்கு எவ்வித வழக்கும் இல்லை. குறை எதையும் அளக்காமல், வியாதியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு டப்பாவை நீட்டுகிறார்களே, அங்கேதான் வழக்கு ஆரம்பமாகிறது.

அதிகமாகச் சாப்பிட்டால் அதிக நன்மை, நன்மை இல்லாவிட்டாலும் தீமை இராது என்பது இத்துறையில் வேரூன்றிய பிரமை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் ஏறக்குறைய 29,000 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் முடிவு வெளியான பரீட்சையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக அதிகமாயிற்று என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பர். சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் தளரத் தொடங்கியவர்கள் அதைவிட அக்கறையாக அறிந்துகொள்ள வேண்டியது, 2010-இல் கனடாவிலிருந்து வெளிவந்த ஒரு பரீட்சையின் செய்தி. ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுந்திருப்போருக்கு இருதய நோயும் மிகுதியாக இருக்கக் கண்டிருந்தார்கள். ஃபோலிக் அமிலம், பி6, பி12 ஆகிய மூன்றும் அப்பொருளைக் குறைக்கும் என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே இவற்றைத் தாராளமாகக் கொடுத்தால் சிறுநீரகமும் இரத்தக் குழாய்களும் காப்பாற்றப்படும் என்று எதிர்பார்த்தது தர்க்கத்துக்கு முற்றிலும் பொருந்தியதே. அத்தகைய நோயாளிகள் 238 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அந்த வைட்டமின்களையும் மறு பகுதியினருக்கு அவற்றைப் போலவே தோன்றும் வெறும் மாத்திரையையும் கொடுத்து, சராசரியாக இரண்டரை ஆண்டுக்கு மேல் கவனித்தார்கள். ஹோமோசிஸ்டீன் என்னவோ குறையத்தான் செய்தது. ஆனால் வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கே சிறுநீரகம் வேகமாகத் தளர்ந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற விபரீதங்களும் அவர்களுக்கே அதிகமாக நேர்ந்தன. தண்ணீரில் கரைகிற வைட்டமின் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று ஆரோக்கியவானுக்குச் சொல்லும் சமாதானம், வெளியேற்ற வேண்டிய உறுப்பே பழுதுபட்டவரிடம் செல்லாது.

இந்தப் பரீட்சையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம், டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் வாக்கியங்களை எடைபோடும் முறை முழுவதும் இதற்குள் அடங்கியிருப்பதுதான். யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எலிக்கா மனிதருக்கா, மனிதரென்றால் திடகாத்திரமான இளைஞருக்கா அல்லது நம்மைப் போல் கிரியாட்டினின் ஏறிய அறுபது வயதுக்காரருக்கா, என்ன அளவு கொடுத்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், கடைசியில் குறைந்தது ரிப்போர்ட்டில் உள்ள ஓர் எண்ணா, அல்லது டயாலிசிஸுக்குப் போவோரின் தொகையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால், மிகப் பல டப்பாக்கள் முதல் கேள்வியிலேயே மௌனம் சாதித்துவிடும். சாப்பிட்டுக் குணமானவர்களின் சாட்சியம் இருக்கிறதே என்பார்கள். பொடியை ஆரம்பித்த அன்றே நடையையும் ஆரம்பித்து, இனிப்பையும் இரவுச் சோற்றையும் விட்டு, அதுவரை மறந்து மறந்து போட்ட மாத்திரையையும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை இறங்கினால், இறக்கியவர்களில் புகழ் கிடைப்பது பொடி ஒன்றுக்குத்தான். ஏனெனில் அதற்குத்தானே மூவாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்!

அடுத்த வாதம், "இது இயற்கைதானே, நம் சமையலறையில் இல்லாததா?" என்பது. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சளிலுள்ள குர்குமின் உடம்பில் எளிதில் சேராமல் வெளியேறிவிடுகிறது. அதனோடு மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் மனித உடலில் சேரும் குர்குமின் 20 மடங்காகிறது என்று பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அதுமுதல் உலகெங்கும் மஞ்சள் மாத்திரைகளில் மிளகின் சாரத்தைச் சேர்க்கலானார்கள். குர்குமின் வெளியேறுவதைத் தடுக்கிற அதே பைப்பரின், ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்தின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தவல்லது என்பதை மாத்திரை வாங்குகிறவர் அறியார். இத்தாலியில் 2019-இல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டு அரசாங்கமே எச்சரிக்கை செய்ய நேர்ந்தது. ரசத்தில் போடும் ஒரு சிட்டிகை மஞ்சளையும், வேரின் சாரத்தைப் பிழிந்து ஒடுக்கிய குப்பியையும் ஒரே பெயரால் அழைப்பதனாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா. இன்னும் அருகில், கேரளத்தில், மீன் குழம்பில் இட்டுச் சமைக்கும் இரும்பன்புளிக் காயைக் கொழுப்பு குறையும் என்று நம்பிச் சாறாகப் பிழிந்து குடித்த 10 பேர், அதிலுள்ள ஆக்சாலிக் அமிலத்தால் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்ததும், அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்ததும் 2013-இல் மருத்துவ ஏடொன்றில் பதிவாயின. குழம்பில் அந்தக் காய் யாரையும் அப்படிப் படுத்தியதாகத் தெரியவில்லை.

பொடி சாப்பிட்டதும் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டால் சந்தோஷப்படலாமா? அப்போதுதான் பயப்பட வேண்டும். சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சர்க்கரை வியாதியே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். 4 பேர் மாண்டார்கள். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்கப்பட்ட மாத்திரைகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும், சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு என்னும் மருந்து லேபிளில் சொல்லாமல் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் சொல்லாத அந்த மருந்தையே, பெயர் சொல்லி அளந்து கொடுக்கிறார் வைத்தியர். நாமோ பின்னதைக் கண்டு அஞ்சி முன்னதைத் தேடிப் போகிறோம்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, என் மனத்தை உண்மையாக உறுத்துவது டப்பாவுக்குள் இருக்கும் பொருள்கூட அன்று. டப்பா வந்த பிறகு அதன் பக்கத்தில் இருக்கும் மாத்திரை அட்டைக்கு நேரும் கதிதான். மாத்திரையை நிறுத்துங்கள் என்று எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. முதல் மாதம் இரண்டையும் சாப்பிடுங்கள் என்கிறார், அடுத்த மாதம் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்கிறார், மாத்திரையின் தயவால் ரிப்போர்ட் நன்றாக வந்ததும், "பார்த்தீர்களா? இனிமேல் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு யோசனையை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார். மாத்திரை பாதியாகிறது. உயர்ந்த சர்க்கரை வலிக்காது. கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் வருஷக்கணக்கில் ஓசையின்றிச் சேதமடையக் கூடியவை. ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு பார்வை மங்கும்போது, எப்போதோ தீர்ந்துபோன டப்பாவை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

பெரியவர்களிடம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இந்த விபத்து, இன்சுலின் போட்டே தீர வேண்டிய முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளிடம் சில நாட்களிலேயே முடிந்துவிடும். 1922 ஜனவரியில் டொரான்டோவில் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்படும் வரை, இந்த வியாதி கண்ட குழந்தைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் உடல் மெலிந்து இறந்தார்கள்; அதற்கு ஈடான பொடி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தினமும் நான்கு முறை ஊசி குத்திக்கொள்ளும் மகளைப் பார்த்துக் கண்ணீர் விடும் தாயிடம், இரண்டு மாதத்தில் ஊசியை விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவள் அதை நம்ப விரும்புவதில் என்ன ஆச்சரியம்?

சட்டம் இதை அறியாததன்று. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. வாயால் சொல்லும் அறிவிப்பும் அச்சட்டத்தின்படி விளம்பரமே. ஆனால் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் காபிக்கும் முறுக்குக்கும் இடையே சொல்லப்படும் அறிவிப்பை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பதிவு செய்வார்? டப்பாவின் மேலோ, இது மருத்துவ உபயோகத்துக்கு அன்று என்னும் வாசகம், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க இயலாத அளவில், சட்டப்படியே அச்சிடப்பட்டிருக்கிறது.

டப்பாவை வைத்தியரிடம் மறைப்பதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது. முடி உதிராமல் இருக்க விற்கும் பயோட்டின் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. ஒரு நாளைத் தேவையோ 30 மைக்ரோகிராம்தான். அவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் இருக்கையில், சில பரிசோதனைக் கூட முறைகள் ஏமாந்துபோய், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பதுபோல் ரிப்போர்ட் தருகின்றன. தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடும் பெண்மணியின் ரிப்போர்ட் அப்படி வந்தால், வைத்தியரே அவருடைய மாத்திரையைக் குறைத்துவிடக் கூடும். மறுபுறம், காலையில் வெறும் வயிற்றில் போட்ட தைராய்டு மாத்திரையின் பின்னாலேயே கால்சியமோ இரும்புச் சத்தோ சாப்பிட்டால் மாத்திரை உடம்பில் சரிவரச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சொல்லாத சத்து மாத்திரை ஒன்று, சொல்லிய மருந்தின் கணக்கை இரு திசையிலும் கெடுக்கிறது.

ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், "சொன்னால் டாக்டர் திட்டுவார்" என்பதே எங்கும் கிடைக்கும் பதில். அது பொய்யும் அன்று. வரிசையில் நாற்பது பேர் காத்திருக்கையில், மேஜைமேல் வைத்த டப்பாவைத் தொட்டும் பார்க்காமல், "இதெல்லாம் குப்பை, தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லும் வைத்தியரிடம், அடுத்த முறை அந்த நோயாளி டப்பாவையும் கொண்டுபோக மாட்டார், மாத்திரையைப் பாதியாக்கியதையும் சொல்லமாட்டார். லேபிளைத் திருப்பிப் பார்த்து, இதில் பொட்டாசியம் இவ்வளவு இருக்கிறது, உங்கள் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அரை நிமிஷம் விளக்குகிறவரிடம் சொல்லுவார்.

சொல்லாதவருக்கு என்ன நேர்கிறது என்பதை ஆஸ்பத்திரி வார்டுகளில் பணிபுரிகிறவர்கள் நன்கறிவார்கள். வீட்டில் பாதி மாத்திரையே போடுகிறார் என்பது தெரியாமல், சர்க்கரை இறங்கவில்லையே என்று வைத்தியர் அளவை உயர்த்திச் சீட்டு எழுதுகிறார். அந்தச் சீட்டும் பையிலேயே கிடக்கிறது. பிறகு காய்ச்சலுக்கோ கால் புண்ணுக்கோ வார்டில் படுக்க நேரும்போது, நர்ஸ் சீட்டில் உள்ளபடி முழு அளவையும் வேளை தவறாமல் கொடுக்கிறார். பாதிக்குப் பழகி, காய்ச்சலில் சோறும் செல்லாத உடம்பில் சர்க்கரை தாழ்ந்து, நள்ளிரவில் அவர் வியர்த்துக் கொட்டிப் பிதற்றத் தொடங்கிய பிறகுதான், துணைக்கு வந்த மனைவி டப்பாவைப் பற்றி டியூட்டி டாக்டரிடம் முதன்முதலாக வாய் திறக்கிறார்.