ஓட்டில் தங்கிய சூளைச் சூடு

அகழாய்வுக் குழியிலிருந்து வரும் பானை ஓடுகளில் தமிழி எழுத்துக் கீறியவற்றுக்குத்தான் மரியாதை. எழுத்தில்லாதவை எண்ணிக்கையில் சேர்ந்து மூட்டைக்குள் போய்விடுகின்றன. அந்த வெற்று ஓட்டிலும் படிக்க நிறைய இருக்கிறது என்பதே என் வாதம். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் துறையினர், தமிழகத்தில் கிடைத்த பழம் பானை ஓடுகளை அகச்சிவப்பு நிறமாலையியலால் ஆராய்ந்து, அவை எவ்வளவு வெப்பத்தில் சுடப்பட்டன என்று கணித்து 2010-இல் வெளியிட்டார்கள். சூளையும் இல்லை, குயவரும் இல்லை. சூட்டை மட்டும் எப்படி அளப்பது?

கயோலினைட் என்னும் களிமண் கனிமத்துக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிணைந்த ஹைட்ராக்சில் இருக்கிறது. அகச்சிவப்பு ஒளி பட்டால் அது தனக்கே உரிய அலையெண்களில், செ.மீ.க்கு 3,620, 3,695 அருகே, ஒளியை விழுங்கும். நிறமாலைக் கோட்டில் அங்கே பள்ளம் விழும். ஏறக்குறைய 500 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்டால் ஹைட்ராக்சில் நீராவியாக வெளியேறிவிடும், பள்ளமும் மறையும். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் 1,430 அருகே காட்டும் அடையாளம் 800 பாகையை ஒட்டி அழியும். இரும்பின் கதை வேறு. காற்று தாராளமாகக் கிடைத்தால் அது ஹெமடைட்டாகிச் சிவக்கும். காற்றில்லாத புகையில் கறுக்கும். கருப்பு-சிவப்புப் பானையை, உள்ளே காற்றுப் புகாதபடி கவிழ்த்துச் சுட்டிருப்பார்கள் என்ற விளக்கம் சரியா என்று பார்க்க, இரும்பு அயனிகளின் நிலையைப் பிரித்துக் காட்டும் மாஸ்பவர் முறை இருக்கிறது. அகச்சிவப்புச் சோதனைக்குத் தேவை ஓரிரு மில்லிகிராம் பொடிதான். ஓட்டுக்குச் சேதம் என்று தயங்க வேண்டியதில்லை.

நூற்றாண்டுக் கணக்கில் ஈரமண்ணில் கிடந்த ஓட்டில் நீர் மீண்டும் ஏறாதா, சுண்ணாம்பு புதிதாகப் படியாதா என்று கேட்கலாம். இரண்டுமே நடக்கும். அதனால்தான் ஒரே நிறமாலையை நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. ஓட்டின் துணுக்குகளை ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடேற்றிப் பார்க்க வேண்டும். பழைய சூளையின் வெப்பத்தைத் தாண்டும்போதுதான் கனிமங்கள் பெரிதாக மாறத் தொடங்கும். எக்ஸ் கதிர்ச் சோதனையும் அதையே சொன்னால் கணிப்பு உறுதிப்படும்.

வெப்பநிலை தெரிந்து மனிதர்களைப் பற்றி என்ன தெரியும் என்பது இன்னொரு கேள்வி. திறந்தவெளியில் வைக்கோலும் விறகும் அடுக்கிச் சுடுவதும், உயர்ந்த வெப்பத்தை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதும் ஒரே கைப்பழக்கம் அல்ல. கைப்பழக்கத்தைச் சூடு மட்டுமல்ல, பூச்சும் சொல்லும். வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கீழடி ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்களைக் கண்டதாக 2020-இல் அறிவித்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, 1928-இல் ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்ட நிறமாலையியல். அந்தப் பூச்சிலும் எழுத்து எதுவும் இல்லை. எழுத்தில்லாத ஓட்டின் இந்தச் சாட்சியங்களைக் காப்பாற்றவும் வேண்டும். படிந்த சுண்ணாம்பை நீக்க ஓடுகளை அமிலத்தில் கழுவினால் கால்சைட் சாட்சியமும் கரைந்துபோகும். கழுவும் முன் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சில ஓடுகளையாவது மண்ணோடு எடுத்துவைக்க வேண்டும்.