பொன்னிற மண்டபம் நிற்கும் ஸ்டர்லிங்

ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோவிலிருந்து காரில் வடமேற்கே புறப்படும் யாத்திரிகர், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணத்தில், சமவெளியின் நடுவே செங்குத்தாக எழுந்து நிற்கும் எரிமலைப் பாறையையும், அதன் சிரசில் வீற்றிருக்கும் கோட்டையையும் காண்பார். அதுவே ஸ்டர்லிங் நகரம். ஃபோர்த் நதியைக் கடந்து வடக்கே செல்லும் சேனைகள் பல நூற்றாண்டுகள் இவ்வழியையே நாட வேண்டியிருந்தபடியால், ஸ்காட்லாந்தின் சரித்திரம் இங்கே பலமுறை நிர்ணயமாயிற்று. 1297-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி, ஆங்கிலப் படையின் ஒரு பகுதி குறுகலான மரப்பாலத்தைக் கடந்து வரும் வரையில் பொறுமையோடு காத்திருந்த ஸ்காட்லாந்துப் படைத்தலைவர்களான வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மரேயும், தக்க தருணத்தில் பாய்ந்து அதனை முறியடித்தது இந்நதிக்கரையில்தான்.

கோட்டைக்குள் நுழைந்ததும், சாம்பல் நிறக் கற்சுவர்களுக்கிடையே பொன்னிறச் சுண்ணப்பூச்சுடன் பிரகாசிக்கும் மகாமண்டபம் கண்ணைக் கவரும். நான்காம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் கட்டப்பெற்று, பிற்காலத்தில் படைவீரர் குடியிருப்பாகச் சிதைந்த அந்த மண்டபம், ஐந்து கணப்படுப்புகளும் ஓக் மரக் கூரையும் விளங்க, 1999-இல் புனருத்தாரணம் பெற்றது. அருகிலுள்ள ஹோலி ரூட் தேவாலயத்தில்தான், பிறந்து பதின்மூன்று மாதமே ஆன ஆறாம் ஜேம்ஸுக்கு 1567-இல் முடிசூட்டினார்கள்.

அவ்வழியே பிரயாணம் செய்யும் பாக்கியம் வாய்க்கும் நேயர்கள், வாகனத்தைக் கீழே நிறுத்திவிட்டு, பழைய நகரத்துத் தெருக்களில் கால்நடையாகவே மேலே ஏறிச் செல்லுங்கள்.