உங்களுக்குத் தெரியுமா? வேலியோர இட்லிப்பூவின் கதை

அடுக்ககத்து வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பள்ளிக்கூட வேலியிலும் கொத்துக்கொத்தாகச் சிவந்து நிற்கும் இட்லிப்பூச் செடியை அறியாதவர் இல்லை. அதன் அருமையை அறிந்தவர்தான் குறைவு.

★ இட்லிப்பூதான் வெட்சி. தாவரவியலில் இக்சோரா கோக்சினியா. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். தோட்டத்தில் பூக்கும் காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெட்சியோ இந்த மண்ணிலேயே பிறந்தது.

★ பகைவரின் ஆநிரையைக் கவரப் புறப்படும் வீரர்கள் சூடியது வெட்சிப்பூ. அதனால் அந்தப் போர்முறையே வெட்சித் திணை ஆயிற்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களிலும் வெட்சி உண்டு.

★ டச்சு ஆளுநர் வான் ரீடு கொச்சியில் இருந்தபோது தொகுக்கத் தொடங்கிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' நூலில் இச்செடி 'செத்தி' என்ற மலையாளப் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. லின்னேயஸ் 1753-இல் இதற்கு இன்றைய அறிவியல் பெயரைச் சூட்டினார்.

★ காப்பியும் நுணாவும் வெட்சிக்குச் சொந்தக்காரர்கள். மூன்றும் ரூபியேசி குடும்பம். எதிரெதிராக அமைந்த இலைகள், இரண்டு இலைக்கும் நடுவே தண்டை ஒட்டிய சிறு கூர்முனைச் செதில் ஆகியவை குடும்ப அடையாளங்கள்.

★ நாட்டு வெட்சியை எப்படி அறிவது? இதழ் நான்கும் நுனியில் கூராக இருக்கும். இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். அதன் அடிப்பகுதி தண்டைத் தழுவினாற்போல் வளைந்திருக்கும். இதழ் நுனி உருண்டையாக இருந்தால் அது பெரும்பாலும் சீன வெட்சி.

★ வெள்ளைப் பூ என்றால் கவனியுங்கள். வெள்ளை வெட்சியும் உண்டு, பாவட்டையும் உண்டு. இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் பாவட்டை. அது நோயல்ல; இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் முடிச்சுகள். பூவிலிருந்து சூல்தண்டு நூல்போல நெடுக நீட்டிக்கொண்டிருப்பதும் பாவட்டைதான்.

★ மொட்டு விரியும் முன்பே வெட்சி தன் மகரந்தத்தைச் சூல்தண்டின் மேல் பூசி வைத்துவிடுகிறது. தேன் குடிக்க வரும் வண்ணத்துப்பூச்சியின் உடலில் அது ஒட்டிக்கொள்ளும். மகரந்தம் போன பிறகே சூல்முடி இரண்டாகப் பிரிந்து, வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகும்.

★ தேன் ஒல்லியான நீண்ட குழாயின் அடியில் இருப்பதால், நீள உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளுக்கே அது எளிதில் எட்டும். தேன்சிட்டும் வரும். வெட்சி வைத்தால் இரண்டுமே வீடு தேடி வரும்.

★ துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. வெட்சிக்குச் சற்றே அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்புச் சுவர், சிமென்ட் தளத்தை ஒட்டி நட்டால் மண்ணில் காரம் ஏறி, இருக்கும் இரும்பையும் வேர் எடுக்க முடியாமல் போகும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். வேரடியில் மக்கிய தொழு உரமும் இலைமக்கும் இட்டுவாருங்கள்.

★ கொத்து கிளையின் நுனியில்தான் வரும். வாராவாரம் கத்தரித்துச் சதுரமாக்கினால், வரவிருக்கும் மொட்டையும் சேர்த்து வெட்டுகிறோம். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் லேசாக நுனி வெட்டினால் போதும். பக்கக் கிளைகள் வெடித்து அடுத்த முறை கொத்துகள் கூடும்.

★ தண்டு வெட்டி நட மழைக்காலமே ஏற்றது. பாதி முற்றிய தண்டை ஒரு சாண் அளவு வெட்டி, அடியிலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஈரம் காயக்கூடாது. வேர் பிடித்ததும் வெயிலுக்கு மாற்றுங்கள். நிழலிலேயே விட்டால் இலை செழிக்கும், பூ குறையும்.

★ இலையில் கரிபூசினாற்போல் கருமை படிந்தால் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்புக் கழிவில் வளரும் பூஞ்சணம் அது. பூச்சியை ஒழித்தால் கருமை தானே விலகும்.

★ தென் அமெரிக்க நாடான சூரினாமின் தேசிய மலர் வெட்சி இனம்தான். அங்கே அதன் பெயர் ஃபயா லோபி.

கடல் கடந்த நாடு ஒன்று தேசிய மலராகக் கொண்டாடும் இனம் நம் வேலியிலேயே நிற்கிறது. அடுத்த முறை நர்சரிக்குப் போனால் கூரிதழ் நாட்டு வெட்சியைக் கேட்டு வாங்கி, சுவரிலிருந்து தள்ளி, வெயில் படும் இடத்தில் நடுங்கள்.